அச்சாகிவிட்ட பெட்டிக்கு ஒரு மூட் போர்டு

வாயில் பல் தேய்க்கும் பிரஷ், தோளில் துண்டு. அந்தக் கோலத்தில்தான் கத்தரியின் கணவர் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"உன் பெட்டி பிரமாதமா வந்திருக்கு. பன்னெண்டாயிரமும் நேத்தே ஓட்டி முடிச்சாச்சு."

கத்தரி ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்தாள். இன்னொரு கால் அந்தரத்தில் நின்றது.

"எந்தப் பெட்டி?"

"சட்டைக் கம்பெனிக்காரங்க பெட்டிதான். செங்கல் கலர். சாப்பாட்டு மேஜையில வெச்சிருந்தியே, அந்த ஷீட்டு."

அந்தரத்தில் நின்ற கால் தரைக்கு வந்தது. கத்தரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கத்தரி என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. டிசைன் ஆபீஸில் வைத்தது. துணிக் கம்பெனி, சோப்புக் கம்பெனி என்று கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டியும் பையும் வரைந்து தருவது அவள் வேலை. வரைவது என்பது பேருக்குத்தான். பதினோரு வருடமாக அவள் அதிகம் செய்தது, பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டுவது. ஏனென்றால் இந்தக் காலத்தில் எந்தப் பெட்டியும் நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் மூட் போர்டு வேண்டும். ஆளுயரப் பலகையில் படங்கள், துணித் துண்டுகள், வண்ண அட்டைகள் எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி வைத்து, "எங்க பெட்டியைப் பார்த்தா மனசுல இப்படித் தோணணும்" என்று கேட்டு வந்தவர்கள் தலையாட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் பென்சிலைத் தொடலாம்.

பெண்களுக்கான சட்டை தைக்கும் அந்தக் கம்பெனிக்காரர்கள் நாலு மாதமாகத் தலையாட்டவில்லை. மூன்று போர்டுகள் ஆகிவிட்டன. வரைய முடியாமல் கத்தரிக்குக் கை அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டே மணி நேரத்தில், கத்தரி தனக்காக ஒரு பெட்டி வரைந்தாள். செங்கல் நிறம். உள்ளே கரும் நீலம். விளிம்பில் தையல் ஓடியது போல வெள்ளைக் கோடு. மூடி சட்டையின் பட்டன் பட்டி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று மடிந்து, ஒரே ஒரு துளையில் செருகிக்கொள்ளும். அளவு போட்டாள், மடிப்புக் கோடு போட்டாள், பசை தடவி ஒட்டும் மடிப்பும் வரைந்தாள், வண்ண எண் எழுதினாள். எத்தனை பெட்டி என்று முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார்களே, அதையும் எழுதினாள். மூலையில் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

"ஏங்க, அது நான் சும்மா வரைஞ்சது."

அவர் பிரஷை வாயிலிருந்து எடுத்தார். "சும்மா வரையறவங்க பசை மடிப்பு வரைவாங்களா?"

கத்தரி காலிலிருந்த செருப்பைக் கழற்றினாள்.

அவர் அட்டைப்பெட்டி கம்பெனியில் தயாரிப்பு சூப்பர்வைசர். அவர் தொழிலில் ஒரு தாளில் அளவும் வண்ண எண்ணும் பசை மடிப்பும் கையெழுத்தும் இருந்தால் அது ஆர்டர். கத்தரியின் ஆபீஸ் அந்தக் கம்பெனிக்குப் பழைய வாடிக்கை. எப்போதுமே வரைபடம் முன்னால் வரும், ஆர்டர் பேப்பர் ஆடி அசைந்து ஒரு வாரம் கழித்து வரும். இரண்டு நாள் மெஷின் காலியாக இருந்தது. மனைவியின் வேலையாயிற்றே, முதலில் முடித்துவிடலாம் என்று ஓட்டிவிட்டார்.

"அவங்க இன்னும் போர்டுக்கே சரின்னு சொல்லலைங்க."

"எந்த போர்டு? முனிசிபாலிட்டி போர்டா?"

"மூட் போர்டு."

"அதுக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

பதினோரு வருடத்தில் இந்தக் கேள்விக்கு அவள் ஒருமுறைகூட உருப்படியான பதில் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை.

"ஆர்டர் பேப்பர் வரலைன்னா என்ன ஆகும்?"

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னார். "சனிக்கிழமை ஓனர் ஊர்லேருந்து வர்றார். வந்ததும் குடோன்ல ஒவ்வொரு அடுக்கா கை வெச்சுப் பார்ப்பார். பேப்பர் இல்லாத சரக்கு ஓட்டினவனை அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவார். எனக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் போனார். அவராவது நாப்பது வயசு."

இவருக்கு ஐம்பத்திரண்டு.

அன்று புதன். நாலாவது போர்டுக் கூட்டம் வியாழன் பதினோரு மணிக்கு. சட்டைக்காரர்கள் தாங்களாகவே, யாரும் சொல்லாமலே, ஏற்கெனவே அச்சாகிக் கிடக்கும் பெட்டியில் போய் முட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு நாளும் ஒரு பலகையும் இருந்தன.

ஆபீஸ் முதலாளியிடம் உண்மையைச் சொல்லலாம் என்று போனாள். அவருக்கு ஆபீஸில் பெயர் தியானம். கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். கண்ணைத் திறந்தால் கருத்து வெளியே போய்விடுமாம்.

"சார், இந்தத் தடவை போர்டுலயே ஒரு பெட்டி படத்தை வெச்சா என்ன?"

தியானத்தின் மூடிய இமைகள் துடித்தன. "கத்தரி. கருவுல இருக்கிற குழந்தைக்கு மூக்கு வரையலாமா?"

"கூடாது சார்."

"உணர்வுதான் பெட்டியைக் கண்டுபிடிக்கணும். நாம குறுக்கே நிக்கக் கூடாது. மூணாவது போர்டு பேர் என்ன?"

"ஈரமான நம்பிக்கை."

"ஏன் தோத்துச்சு?"

"சட்டைக் கம்பெனி தம்பி சார் பார்த்துட்டு, நனைஞ்ச மாதிரி இருக்கு, துணிக்கு ஆகாதுன்னார்."

"நாம நம்பிக்கையில நின்னிருக்கணும். ஈரத்துக்குப் போனது பேராசை," என்றார் தியானம். உண்மையைச் சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டு திரும்பினாள்.

சரி, குறுக்கு வழிதான்.

சட்டைக் கம்பெனியை அப்பா ஆரம்பித்தார். இப்போது நடத்துவது அக்காவும் தம்பியும். அக்கா ஐந்தடி. தம்பி ஆறடிக்கு மேல், முதுகுவலிக்காக பெல்ட் போட்டவர், குனிய மாட்டார். கூட்டத்தில் குண்டூசியைத் தொடும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். பிடித்த படத்தை எடுத்துப் பலகையின் நடுவில் குத்துவார்கள். நடுவுக்கு வந்ததெல்லாம் பெட்டிக்கு வரும். அதுதான் தியானத்தின் விதி.

கத்தரி அளவுநாடாவை எடுத்தாள். அக்காவின் கண் மட்டத்தில் சாயங்கால வெயிலில் ஒரு செங்கல் சுவர். தம்பியின் கண் மட்டத்தில் ஒரு சட்டை விளிம்பின் தையல், பெரிதாக்கிய படம். இருவர் கையும் எட்டும் இடத்தில் பாதி பட்டன் போட்ட சட்டை. அதன் பக்கத்தில் திறந்து கிடக்கும் மேஜை டிராயர், உள்ளே கரும் நீலம். நாலையும் கூட்டினால் பெட்டி. இந்த நாலும் பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் மற்றதெல்லாம் கண்றாவியாக இருக்க வேண்டும். மூலைக்கு மூலை பார்த்துப் பார்த்துக் குத்தினாள்: துருப்பிடித்த வாளி, கறுத்துப்போன வாழைப்பழத் தோல், பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி, ஒரு பஸ் சீட்டின் கிழிசல்.

மறுநாள் காலை கிளம்பும்போது கணவர் ஒரு பெட்டியை மடிக்காமல் தட்டையாக அவள் பையில் செருகினார்.

"எதுக்குங்க இது?"

"கடைசில எல்லாரும் பெட்டியைத்தானேம்மா பார்க்கணும்?"

"அங்க பார்க்க மாட்டாங்க. சொன்னா உங்களுக்குப் புரியாது."

"உனக்குப் புரியுதா?"

பதினோரு மணிக் கூட்டம் பதினொன்றே காலுக்கு ஆரம்பித்தது. ஏசி போட்ட அறை. பலகைக்கு முன்னால் அக்காவும் தம்பியும் நின்றார்கள். ஓரத்தில் நாற்காலியில் தியானம், கண்ணை மூடி. யாரும் பேசவில்லை. முதல் ஐந்து நிமிடம் பேசக் கூடாது, உணர்வு மிரண்டுவிடும்.

ஆறாவது நிமிடம் அக்கா கையை உயர்த்தினார். தையலைத் தாண்டி, செங்கல் சுவரைத் தாண்டி, அந்தக் கை கீழ் மூலைக்கு இறங்கியது. வாழைப்பழத் தோலை எடுத்தது.

"இதுல ஒரு தைரியம் இருக்கு," என்றார் அக்கா. "வயசாகறதை மறைக்கவே இல்லை பாருங்க."

வாழைப்பழத் தோல் நடுவுக்கு வந்தது.

"அக்கா, நம்ம சட்டை வாங்கறவங்க குப்பைத்தொட்டியா?" என்றார் தம்பி. அவர் மேல் மூலையிலிருந்து வாளியை எடுத்தார். "இதுதான் உண்மை. துரு பொய் சொல்லாது."

"துருவைத் தொட்டா சட்டையில கறை பட்டுடும்டா."

"உணர்வுல கறை படாது."

பதினைந்து நிமிடத்தில் பாசித் தொட்டியும் நடுவுக்கு வந்துவிட்டது. செங்கல் சுவர் கதவோரம் தள்ளப்பட்டது. "வீடு கட்டிக் கொடுக்கிற காண்ட்ராக்டர் மாதிரி இருக்கு," என்றார் அக்கா. டிராயரைப் பார்த்துவிட்டு, "உள்ளே கரப்பான் இருக்கும் போல," என்றார். கண்றாவிக்காக வைத்தவையெல்லாம் கும்மாளம் போட்டன. வேண்டியவை ஒவ்வொன்றாக வெளியேறின. இப்படியே போனால் சனிக்கிழமை குடோனில் கை வைக்கிற ஓனருக்கு வாழைப்பழத் தோலையா காட்டுவது?

நாலு மாதமாக இந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் கத்தரி. அக்காவுக்குப் பிடித்தது தம்பிக்கு ஆகாது, தம்பிக்குப் பிடித்தது அக்காவுக்கு ஆகாது. அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. மெதுவாகத் தம்பியின் பக்கம் நகர்ந்தாள்.

"செங்கல் மேடத்துக்கு சுத்தமா பிடிக்கலை சார். எடுத்துடறேன்."

"ஏன் எடுக்கணும்?" தம்பி உடனே திரும்பினார். "அக்காவுக்குப் பிடிக்கலைன்னா கம்பெனிக்கே பிடிக்கலையா? செங்கல்ல ஒரு உழைப்பு இருக்கு." செங்கல் சுவர் நடுவுக்கு வந்தது. வாளியை நடுவிலிருந்து எடுத்தது அவரே.

கத்தரி அடுத்த பக்கம் நகர்ந்தாள். "தையல் படம் ரொம்ப சாதாரணமா இருக்குன்னு சார் நினைக்கிறாப்பல இருக்கு மேடம்."

"அவனுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா, கேளுங்க," என்றார் அக்கா. தையல் நடுவுக்கு வந்தது. பின்னாலேயே பட்டன் சட்டையும் வந்தது. இருவரும் மாறி மாறிக் குத்தினார்கள். வாழைப்பழத் தோல் தரையில் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. இனி அந்த நீல டிராயர் மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் தியானம் கண்ணைத் திறந்தார்.

எழுந்து வந்தார். நடுவில் இருந்த எல்லாவற்றையும், நிதானமாக, ஒவ்வொரு குண்டூசியாகப் பிடுங்கினார். பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். காலித் தாள். அதை நட்டநடுவில் குத்தினார்.

"மௌனம்," என்றார்.

அக்கா பார்த்தார். தம்பி பார்த்தார்.

"ஆமா," என்றார் அக்கா.

"ஆமாக்கா," என்றார் தம்பி.

நாலு மாதத்தில் முதல்முறையாக உடன்பிறப்புகள் ஒத்துப்போனார்கள். அதுவும் ஒன்றுமே இல்லாத ஒரு தாளில். "இது வெள்ளை இல்லை, வெள்ளைக்கு முன்னாடி இருக்கிற நிலை," என்றார் தியானம். "இதை வளர்க்க மூணு வாரம் குடுங்க. அஞ்சாவது போர்டுல மௌனம் பேசும்."

சட்டைகள் இன்னும் ஒன்பது நாளில் கடைக்குப் போகின்றன. அது அந்த அறையில் யார் நினைவிலும் இல்லை. கத்தரியின் போன் கைக்குள் அதிர்ந்தது. கணவர் அனுப்பியிருந்தார்: 'ஓனர் நாளைக்கே வர்றாராம்.'

இனிமேல் செங்கல்லும் இல்லை, தையலும் இல்லை.

"மேடம்," என்றாள் கத்தரி. "பெட்டி அச்சாயிடுச்சு."

"எந்தப் பெட்டி?"

"உங்க பெட்டி. பன்னெண்டாயிரம். நான்தான் வரைஞ்சேன், கையெழுத்தும் போட்டேன். என் வீட்டுக்காரர் அதை ஆர்டர்னு நினைச்சு ஓட்டிட்டார். நாளைக்கு அவர் ஓனர் வர்றார், பேப்பர் இல்லைன்னா அவர் வேலை போயிடும். தப்பு என்னோடது."

பையிலிருந்து அட்டையை எடுத்தாள். நாலு மடிப்பு, ஒரு செருகல். மேஜைமேல் பெட்டி நின்றது.

தியானம் நெஞ்சில் கை வைத்தார். "போர்டு இல்லாத பெட்டியா? கத்தரி, அது அநாதை."

அவரை யாரும் கவனிக்கவில்லை. அக்கா பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். கூட்டத்துக்கு மாதிரிக்காகக் கொண்டுவந்திருந்த சட்டையைப் பையிலிருந்து உருவினார். அடுத்த ஐந்து விநாடிகளில் அக்கா வேறொரு பெண்மணியாகவே மாறிவிட்டாள். சட்டையை மேஜையில் அறைந்து, கையை உள்ளே மடித்து, காலரை நிமிர்த்தி, வேலை தெரிந்த கையால் பெட்டிக்குள் வைத்து மூடினாள். காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். மேஜை உயரத்திலிருந்து தரையில் போட்டாள். எடுத்தாள். மூலை நசுங்கவில்லை.

தம்பி வாங்கிக்கொண்டார். இன்னொரு கையில் போன் இருந்ததால் ஒரே கையால் திறந்தார். திறந்தது. மூடினார். மறுபடி திறந்தார்.

"பட்டன் போடற மாதிரியே இருக்குக்கா."

"டேப் ஒட்ட வேண்டாம். கவுண்டர்ல நிக்கிற பொண்ணுங்க என்னைக் கும்பிடுவாங்க."

"உள்ளே நீலம். பார்த்தியா?"

"பார்த்தேன்டா."

கத்தரி மூச்சை விட்டாள். சீக்கிரமே விட்டுவிட்டாள். அக்கா பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முகம் பழையபடி மாறியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒத்துக்க முடியாது."

"ஏன் மேடம்?"

"அப்பா கேட்பார். இது எந்த போர்டுலேருந்து வந்துச்சும்பார். நாலு மாசமா உணர்வு பழுத்துக்கிட்டிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கோம். இதை எவ்வளவு நேரத்துல வரைஞ்சீங்க?"

"ரெண்டு மணி நேரம் மேடம்."

"சாப்பாட்டு மேஜையிலயா?"

"ஆமா."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப நீங்க ரெண்டு பேரும் நாலு மாசமா என்ன பண்ணீங்கன்னு கேட்பார்," என்றார் தம்பி. "கேட்டுட்டு சித்தப்பா பையனைக் கூப்பிட்டு சீட்டுல உட்கார வெச்சிடுவார்."

ஆக, அந்த அறையில் வேலை போகிற பயம் அவள் கணவருக்கு மட்டும் இல்லை. கத்தரிக்கு லேசாகத் தெம்பு வந்தது. இத்தனை நாள் மேடம், சார் என்று அண்ணாந்து பார்த்த இருவரும் இப்போது அவள் வீட்டுக்காரர் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"போர்டுதானே மேடம் வேணும்?" என்றாள். "பண்ணித் தர்றேன். இந்தப் பெட்டியைப் பார்த்து ஒரு போர்டு. இதுலேருந்துதான் பெட்டி வந்துச்சுன்னு அப்பா சாரே நம்பற மாதிரி."

"பெட்டிக்கு அப்புறம் போர்டா?" என்று தம்பி இழுத்தார். "அது சரியா வருமா?"

எல்லாரும் தியானத்தைப் பார்த்தார்கள். அவர் கண்களை மூடினார். நாலு போர்டுகளும் ஐந்தாவதும் கைவிட்டுப் போகும் நேரத்தில் அவருக்குள் என்னென்ன ஓடியதோ, கடைசியில் முகம் தெளிந்தது.

"நான் இதைத்தான் நாலு மாசமா எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். இதுக்குப் பின்னோக்கிய உணர்வுன்னு பேரு. வெளிநாட்டுலகூட இன்னும் வரலை."

"அப்ப சரி," என்றார் அக்கா, உயிர் வந்தவராக. "போர்டை ஆரம்பிச்சிடுங்க."

"ஆரம்பிக்கிறேன் மேடம். முதல்ல ஆர்டர் பேப்பர்ல கையெழுத்து. உணர்வு அப்புறம்."

பன்னிரண்டே முக்காலுக்குக் கையெழுத்தானது. தேதியைப் பத்து நாள் முன்னால் போட்டுக்கொடுத்தது தம்பியின் பெருந்தன்மை. கத்தரி மாடிப்படியில் நின்று போன் செய்தாள்.

"பேப்பர் வந்துடுச்சுங்க. அனுப்பறேன்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தத்தை மீறி அவர் கேட்டார். "பெட்டியைப் பார்த்து என்ன சொன்னாங்க?"

"பட்டன் மாதிரி இருக்குன்னாங்க. ஒரு கையாலயே திறந்துட்டாங்க."

"திறக்காம? உன் அளவுப்படி விட்டிருந்தா ரெண்டு கை வேணும். நான்தான் துளையை ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி வெச்சேன்."

"என் டிராயிங்கை யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"நீ யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டே?"

கத்தரி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், ஆனால் ஓனர் இன்னும் வரவில்லையே என்று சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஓனர் வந்தார். செங்கல் நிற அடுக்குமேல் கை வைத்தார். பேப்பரைக் கேட்டார், பார்த்தார், அடுத்த அடுக்குக்கு நகர்ந்துவிட்டார். ஒன்பதாம் நாள் சட்டைகள் அந்தப் பெட்டிகளில் ஏறிக் கடைக்குப் போயின. மூன்றாவது வாரத்துக்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. சட்டை எடுத்தவர்கள் சிலர் வெறும் பெட்டி கிடைக்குமா என்று கேட்டார்கள்.

போர்டு மட்டும் முடியவில்லை.

முதல் சுற்றில் செங்கல் சுவர் ரொம்பச் செங்கலாக இருக்கிறது என்றார் அக்கா. அதை எடுத்துவிட்டு ஒரு மலைச்சரிவு வைத்தார்கள். இரண்டாம் சுற்றில் தையல் படம் வெளிப்படையாகப் பேசுகிறது என்றார் தம்பி. அதன் இடத்துக்கு எறும்பு வரிசை வந்தது. மூன்றாம் சுற்றில் தியானம், நீலம் என்பது உள்ளே இருப்பது, அதை வெளியே காட்டுவது அதற்குச் செய்கிற அவமரியாதை என்றார். நீலம் போயிற்று. பட்டனுக்குப் பதில் ஒரு நிலா. ஆறாவது சுற்றில் வாழைப்பழத் தோல் திரும்பி வந்தது. கத்தரி வெட்டிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை, "மேடம், இது பெட்டி மாதிரி இல்லையே," என்று சொல்லிப் பார்த்தாள். "இப்பதான் ஆழம் வந்திருக்கு," என்றார்கள் மூவரும்.

நாற்பத்தோராம் நாள் அப்பாவே ஆபீஸுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. போர்டுக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றார். கண் கலங்கியது போலத் தெரிந்தது.

"பிரமாதம். நாப்பது வருஷமா நான் சொல்ல நினைச்சதெல்லாம் இதுல இருக்கு."

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அப்பா மேஜைமேல் இருந்த செங்கல் நிறப் பெட்டியைக் கையில் எடுத்தார். போர்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"இது இதுலேருந்து வரலையே."

அக்கா தம்பியைப் பார்த்தார், தம்பி தியானத்தைப் பார்த்தார்.

"போர்டுல தப்பு சொல்ல முடியாது," என்றார் அப்பா. "அதனால பெட்டியை மாத்துங்க."

"ஆமாப்பா," என்றார் அக்கா. "எனக்கும் அதான் தோணுச்சு," என்றார் தம்பி. தியானம் கண்ணை மூடித் தலையாட்டினார்.

கத்தரி ஒரு தாளை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். "மாத்திடலாம் சார். இந்த போர்டுதான் கடைசி, இதுலேருந்து வர்ற பெட்டிதான் பெட்டி. அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

அப்பா பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். போர்டை இன்னொருமுறை பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

"அதை எப்படிம்மா எழுதித் தர்றது? உணர்வு மாறுமே."